தூணின் உச்சியில் ஒரு தொப்பி

பழைய போட்டோ ஒன்று கையில் கிடைத்தால் உடனே அதைத் திருப்பிப் பார்க்கிறோம். பின்பக்கத்தில் யாரோ பென்சிலால் ஒரு வருஷத்தைக் குறித்திருப்பார்கள். குறித்தவர் படம் எடுத்தவரா, அல்லது பிற்காலத்தில் பெட்டியைக் குடைந்த பேரப்பிள்ளையா என்பதை யார் கண்டார்கள்? படத்தின் முன்பக்கத்தைக் கேட்பதே மேல்.

பாரிஸ் நகரின் வாந்தோம் சதுக்கத்தை எடுத்துக்கொள்வோம். அதன் நடுவே சுமார் 44 மீட்டர் உயரமுள்ள தூண் ஒன்று நிற்கிறது. ஆஸ்டர்லிட்ஸ் போரில் வென்ற நெப்போலியன், பகைவரின் பீரங்கிகளை உருக்கி, அந்த வெண்கலத்தைக் கல்தூணுக்குக் கவசமாகப் போர்த்தி, 1810-ல் கட்டி முடித்தது. உச்சியில் அவனுடைய சிலை. அந்தச் சிலையின் உடுப்புத்தான் நமக்குப் பஞ்சாங்கம்.

முதலில் வைத்த ரோமானிய வேஷச் சிலை, 1814-ல் அவன் வீழ்ந்ததும் இறங்கிவிட்டது. அப்போது போட்டோக் கலையே பிறக்கவில்லை. 1833-ல் கோட்டும் தொப்பியுமாக வேறொரு நெப்போலியன் ஏறினான். 1863-ல் மூன்றாம் நெப்போலியன் அவனையும் இறக்கி, தன் பெரியப்பாவுக்கு மறுபடி ரோமானிய உடையே மாட்டிவிட்டான். ஆகவே, தொப்பி தெரிந்தால் படம் 1863-க்கு முந்தியது. தூணையே காணோம் என்றால் 1871-க்கும் 1875-க்கும் இடைப்பட்டது. ரோமானிய உடை என்றால்தான் சங்கடம். தூண் விழுந்து எழுந்த பிறகும் அதே கோலந்தான். அப்போது கண்ணைக் கீழே இறக்கித் தெருவைப் பார்க்க வேண்டும். தடுப்புச் சுவரும் துப்பாக்கி ஏந்திய காவற்படையும் இருந்தால், அது 1871-ஆம் வருஷத்து வசந்த காலம்.

அந்த மார்ச்சில் பாரிஸ் மக்கள் கம்யூன் ஆட்சியை அமைத்தார்கள். தூணை இடிக்க ஏப்ரல் 12-ல் தீர்மானம் செய்து, மே 16-ல் சாய்த்தார்கள். பிராக்கஹே என்ற படக்காரர் முன்னால் பலர் பெருமையோடு நின்றார்கள், பாவம்! மே 28-க்குள் கம்யூன் ரத்த வெள்ளத்தில் முடிந்தது. பிறகு போலீசார் அத்தகைய படங்களை வைத்துக்கொண்டுதான் ஆட்களை அடையாளம் தேடினார்கள்.

ஓவியர் கூர்பேயின் கதை இதைவிடப் பரிதாபம். தூணைக் கழற்றிவிடலாம் என்று 1870 செப்டம்பரில் அவர் யோசனை சொன்னது உண்மை. ஆனால் கம்யூன் தீர்மானித்த நாளில் அவர் அதன் அங்கத்தினரே அல்ல. ஏப்ரல் 16-ல்தான் தேர்ந்தெடுக்கப்பட்டார். நாலு நாள் வித்தியாசம்! அது அவரைக் காப்பாற்றவில்லை. ஆறு மாதச் சிறை. பிற்பாடு, தூணை மறுபடி நிறுத்திய செலவாக மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட பிராங்க், வருஷத்துக்கு 10,000 வீதம். சுவிட்ஜர்லாந்தில் அடைக்கலம் புகுந்திருந்த அவர், முதல் தவணைக்கு முந்தின நாள், 1877 டிசம்பர் 31-ல் கண்ணை மூடினார்.

படத்துக்குத் தேதி குறிப்பது பொழுதுபோகாதவர் வேலை என்று நினைப்பவர்கள், அந்த நாலு நாளைச் சற்றே நினைத்துப் பார்க்கட்டும். ஒருவர் அங்கே நின்றார் என்பதைப் படம் சொல்லிவிடும். அவர் குற்றவாளியா, வேடிக்கை பார்க்க வந்தவரா என்று விசாரிக்கப் புகுந்தால், முதலில் தேதி அல்லவா வேண்டும்?