ஆய்தல் என்னும் தொழில்: பெங்களூருவின் உலர்கழிவு மையங்கள்

பெங்களூருவின் குப்பை வரலாற்றில் 2012 ஒரு திருப்புமுனை. நகரின் வடபுறத்து மாவள்ளிபுராவில் குப்பை கொட்டப்படுவதை ஊர்மக்கள் எதிர்த்துப் போராடினர், கிடங்கு மூடப்பட்டது, நகரத் தெருக்களில் குப்பை குவிந்தது. கழிவை வீட்டிலேயே தரம்பிரிப்பதும், வார்டுதோறும் உலர்கழிவுச் சேகரிப்பு மையம் அமைப்பதும் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் வேகம் பெற்றன. அன்றைய மாநகராட்சியில் 198 வார்டுகள் இருந்தன. இம்மையங்கள் பெரும்பாலும் சூழலியல் ஏற்பாடாகவே பேசப்படுகின்றன. ஆனால், நகரத்தின் விளிம்பில் வாழ்ந்தோர் தம் காலில் நிற்க முயன்ற வரலாறும் இவற்றுள் அடங்கியிருக்கிறது.

அவ்வரலாறு ஓராண்டு முன்னரே தொடங்குகிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, வங்காளம் எனப் பல மொழி பேசும் குப்பை சேகரிப்போர் பல்லாண்டுகளாக நகரைத் தூய்மை செய்துவந்தும், அரசுப் பதிவேடு எதிலும் இடம்பெறவில்லை. விடியற்காலையில் கோணிப்பையுடன் தெருவில் நடப்பதே ஐயத்திற்குரிய செயலாக இருந்தது. 2011 இல் லோக் அதாலத் இவர்களைக் கணக்கெடுத்து அடையாள அட்டை வழங்குமாறு மாநகராட்சியைப் பணித்தது. இப்பணியில் 'ஹசிரு தள' அமைப்பு முன்னின்றது. இதற்குப் பூனாவில் முன்னோடி உண்டு. அங்கே 1993 இல் குப்பை சேகரிப்போர் சங்கம் உருவாயிற்று. 2008 இல் அதன் வழியே 'ஸ்வச்' கூட்டுறவு அமைந்தது. பூனா இயக்கத்தில் பணியாற்றிய நளினி சேகரே 'ஹசிரு தள'வின் நிறுவனர்களுள் ஒருவர்.

மையம் வந்தபின் என்ன மாறியது? தனியாள் ஒருவர் பொறுக்கியதை அன்றே காயலான் கடையில், கடைக்காரர் சொன்ன விலைக்கு விற்றாக வேண்டும். சேர்த்துவைக்க இடமில்லை, முன்பணக் கடனும் உண்டு. கூரையும் தராசும் சேமிப்பிடமும் கொண்ட மையம் அவருக்குக் காலத்தைத் தருகிறது. காகிதம், அட்டை, கண்ணாடி, பால் உறை, பாட்டில் என நுணுக்கமாகப் பிரித்து, மொத்தமாகச் சேர்த்து, மேல்நிலை வணிகரிடம் விற்கலாம். பல மையங்களை நடத்தும் பொறுப்பு முன்னாள் குப்பை சேகரிப்போர் கைக்கே வந்தது; கணக்கு எழுதுபவராகவும் பிறருக்கு வேலை தருபவராகவும் சிலர் உயர்ந்தனர்.

இங்கு ஒரு சொல் கவனத்திற்குரியது. கன்னடத்தில் இவர்களுக்கு வழங்கும் பெயர் 'சிந்தி ஆயுவவரு', அதாவது கந்தல் பொறுக்குவோர். அதிலுள்ள 'ஆயு' தமிழின் 'ஆய்' என்பதன் உடன்பிறப்பு. கீரை ஆய்வதும் நூலை ஆய்வதும் அவ்வேரின் கிளைகளே. தொட்டும் கசக்கி ஒலி கேட்டும் நெகிழி வகைகளைப் பிரித்தறிவது முறையான ஓர் அறிவு. ஆயினும் ஒரே வேரில் பிறந்த 'ஆய்வு' மதிப்பைப் பெற, 'ஆயுவவரு' இழிவைச் சுமந்தது.

2016 ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பை சேகரிப்போரை வரையறுத்து, அவர்களைக் கழிவு மேலாண்மையில் இணைக்குமாறு உள்ளாட்சிகளைப் பணித்தன. எனினும் நிலை உறுதியானதன்று. பல அடுக்கு நெகிழி உறைகளை வாங்க ஆளில்லை. மறுசுழற்சிச் சந்தையில் விலை சரிந்தால் மையத்தின் வருவாயும் சரிகிறது. மையம் நடத்தும் உரிமையோ காலவரையறைக்குட்பட்ட ஒப்பந்தம். விலைமதிப்புள்ள உலர்கழிவு வழியிலேயே வேறு கைக்குச் சென்றால், கூரையும் தராசும் இருந்தும் பயனில்லை.

தற்சார்பு என்பது பயிற்சியாலும் ஊக்கவுரையாலும் மட்டும் விளைவதன்று என்பதே இவ்வரலாறு உணர்த்துவது. உழைப்பும் அறிவும் அம்மக்களிடம் முன்பே இருந்தன. இல்லாதிருந்தவை மூன்று: அடையாளம், இடம், கழிவின்மீதான உரிமை. முதலிரண்டும் ஓரளவு கிட்டின. மூன்றாவது உறுதியாகும்வரை, முன்னவை இரண்டும் எந்நேரமும் பறிபோகக்கூடியவையே.