டம்பிங் சிண்ட்ரோம்

இரைப்பையில் தங்கிச் சிறிது சிறிதாக இறங்க வேண்டிய உணவு, பாதி செரித்தும் செரிக்காமலும் சிறுகுடலுக்குள் மொத்தமாகக் கொட்டிவிடுவதால் உண்டாகும் அறிகுறிகளின் தொகுப்பு டம்பிங் சிண்ட்ரோம். இரைப்பையிலும் உணவுக்குழாயிலும் செய்யப்படும் பல அறுவை சிகிச்சைகளுக்குப் பின் இது வரலாம். இன்று பெரும்பாலும் உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் காணப்படுகிறது. அவர்களுக்கு வரும் பிற உணவுத் தொல்லைகளும் பேச்சுவழக்கில் ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. காரணமும் கவனிக்கும் முறையும் ஒவ்வொன்றுக்கும் வேறு என்பதால் அவற்றைப் பிரித்தறிவது முக்கியம்.

வரலாறு

வியன்னாவில் தியோடோர் பில்ரோத் 1881-இல் புற்றுநோய் தாக்கிய இரைப்பைப் பகுதியை வெற்றிகரமாக வெட்டியெடுத்தார். அதைத் தொடர்ந்து குடற்புண்ணுக்கும் இத்தகைய அறுவை சிகிச்சைகள் பெருகின. இரைப்பை மளமளவென்று காலியாவதற்கும் சாப்பிட்டதும் வரும் தளர்ச்சிக்கும் உள்ள தொடர்பை 1913-இல் ஆங்கிலேய மருத்துவர் ஆர்தர் ஹெர்ட்ஸ் எழுதிவைத்தார். ‘டம்பிங்’ என்ற பெயர் 1922-இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் மிக்ஸ் இதைப் பற்றி எழுதியபோது வழக்கத்துக்கு வந்தது.

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையின் பிறப்பும் இதே வரலாற்றைச் சேர்ந்ததுதான். குடற்புண்ணுக்காக இரைப்பையைக் குறைத்துக்கொண்டவர்கள் மெலிந்துபோவதையும், இழந்த எடை எளிதில் திரும்பாததையும் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் கவனித்தார். 1960-களில் சிக்காஷி இட்டோவுடன் சேர்ந்து அவர் உருவாக்கியதுதான் இரைப்பை மாற்றுவழி அறுவை சிகிச்சை, அதாவது கேஸ்ட்ரிக் பைபாஸ். ஒரு சிகிச்சையின் பக்கவிளைவாக இருந்த மெலிவு, இங்கே சிகிச்சையின் நோக்கமாகிவிட்டது. டம்பிங்கும் கூடவே வந்தது.

ஏன் நேர்கிறது

முழு இரைப்பை ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும். அதன் அடிவாயில் உள்ள பைலோரஸ் என்னும் வளையத் தசை, கூழாக அரைபட்ட உணவை மட்டும் சிறு அளவில் குடலுக்கு அனுப்புகிறது. பைபாஸில் மேல் இரைப்பையிலிருந்து சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பை ஒன்று அமைக்கப்பட்டு, சிறுகுடலோடு நேரடியாக இணைக்கப்படுகிறது. பைலோரஸ் பாதையிலேயே இல்லை. எடைக் குறைப்புக்கான இன்னொரு அறுவையான ஸ்லீவ் முறையில் பைலோரஸ் அப்படியே இருக்கிறது. ஆனால் விரிந்துகொடுக்கும் மேற்பகுதி நீக்கப்பட்டு இரைப்பை குறுகிய குழாய்போல ஆவதால் உள்ளழுத்தம் கூடுகிறது. அதனால் அங்கும் டம்பிங் உண்டு, பைபாஸைவிடக் குறைவு.

முந்திய டம்பிங் சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள், பெரும்பாலும் 10 முதல் 30 நிமிடங்களில் தொடங்கும். செறிந்த சர்க்கரைக் கலவை குடலில் இறங்கியதும், அதை நீர்க்கச் செய்ய இரத்தத்திலிருந்து நீர் குடலுக்குள் இழுக்கப்படுகிறது. குடல் ஹார்மோன்களும் ஒரே நேரத்தில் பெருகுகின்றன. வயிறு உப்பி, முறுக்கி, இரைந்து வயிற்றுப்போக்கில் முடிவது ஒரு பக்கம். படபடப்பு, வியர்வை, முகச் சிவப்பு, எங்காவது படுத்தால் போதும் என்ற தவிப்பு இன்னொரு பக்கம்.

பிந்திய டம்பிங் சாப்பிட்ட 1 முதல் 3 மணி நேரத்தில் வரும். திடீரென்று ஏறிய சர்க்கரைக்கு எதிர்வினையாக இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, இரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடுகிறது. கைநடுக்கம், குளிர்ந்த வியர்வை, அகோரப் பசி, கண் இருட்டுதல், குழப்பம், சிலருக்கு மயக்கம். இது அறுவை முடிந்து ஓராண்டுக்குப் பிறகே தலைகாட்டுவது வழக்கம் என்பதால், நோயாளியும் குடும்ப மருத்துவரும் பழைய அறுவையை நினைத்துப் பார்ப்பதில்லை. வெறும் வயிற்றில் எடுக்கும் இரத்தச் சர்க்கரை அளவு சரியாகவே இருக்கும். நீரிழிவு உள்ளவர்கள் பழைய அளவிலேயே இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொண்டிருந்தால் சர்க்கரை தாழ்வதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

டம்பிங் அல்லாத தொல்லைகள்

சாப்பிடும்போதே நடுநெஞ்சில் அடைத்து, எச்சில் நுரை நுரையாகப் பொங்கி, வாந்தி வந்ததும் நிம்மதியானால் அது டம்பிங் அல்ல. உணவு பையின் குறுகிய வாயில் சிக்கிக்கொண்டிருக்கிறது. காய்ந்த சப்பாத்தி, பரோட்டா, ரொட்டி, உருண்டையாக அள்ளி விழுங்கிய குழைந்த சோறு, நாரான ஆட்டிறைச்சி, வறண்ட கோழி நெஞ்சுக்கறி ஆகியவை இதில் பேர்போனவை. டம்பிங்கைக் கண்டறிய 1970-இல் நார்வேயின் சிக்ஸ்டாட் வகுத்த மதிப்பெண் முறையில் படுக்கத் தோன்றுவதற்கு 4 கூட்டப்படும். வாந்திக்கு 4 கழிக்கப்படும். வாந்தியில் வெளிவருவது இன்னும் குடலுக்குப் போய்ச் சேராத உணவு என்பதை நினைத்தால் இந்தக் கழித்தல் புரியும். கூட்டுத்தொகை 7-க்கு மேல் போனால் டம்பிங் என்று சந்தேகிக்கலாம்.

பால் குடித்த பின் வாயுவும் பேதியும் வருவது இன்னொரு வகை. பால் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி சிறுகுடலின் மேற்பகுதியில் அதிகம். பைபாஸில் உணவு அதில் ஒரு பகுதியைத் தொடாமலே போகிறது. பால் சேராதவர்களில் பலருக்குத் தயிரும் மோரும் சேரும்.

ஒருமுறை தொல்லை தந்த உணவை ஆயுளுக்கும் விலக்குவது பலர் செய்யும் காரியம். அது அவசரம். வீக்கம் வற்றாத முதல் மாதங்களில் சிக்கிய முட்டை ஆறு மாதத்தில் சுலபமாக இறங்கலாம். சில வாரம் விட்டு, இரண்டு தேக்கரண்டி அளவில், மெதுவாக மென்று மறுபடி பார்ப்பதே முறை. இறைச்சி, பால், பருப்பு என்று ஒவ்வொன்றாக விலக்கியவர்களுக்கு நாளொன்றுக்கு வேண்டிய 60 கிராம் புரதம் எட்டாமல் போகும். முடி கொட்டுவது அதன் வெளித்தெரியும் அடையாளங்களில் ஒன்று.

உணவு முறை

சிகிச்சையின் பெரும்பகுதி சமையலறையில்தான். மூன்று வேளையை ஐந்தாறு சிறு வேளைகளாக்குதல், சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் குறைந்தது 30 நிமிடம் கழித்துக் குடித்தல், புரதத்தை முதலில் உண்ணுதல், தொல்லை வந்தால் அரை மணி நேரம் சாய்ந்து படுத்தல் ஆகியவை அடிப்படை. நம் பந்தியின் ஒழுங்கு இதற்கு நேர் எதிர். கல்யாண இலையில் இனிப்பு முதலில் விழுகிறது, அதுவும் வெறும் வயிற்றில், டம்ளர் தண்ணீர் பக்கத்திலேயே, கடைசியில் பாயசம். சுண்டலோ மீனோ முட்டையோ முன்னால் போய், அதன் பின் சிறிதளவு சோறு போனால் அதே சோறு அவ்வளவு தொல்லை தராது.

மெலிந்து தளர்ந்தவருக்கு உறவினர்கள் அன்போடு நீட்டும் குளுக்கோஸ் தண்ணீர், பழச்சாறு, சர்க்கரை போட்ட கஞ்சி, மால்ட் பானம் எல்லாம் டம்பிங்கைக் கிளப்பவல்லவை. திரவமாக இருப்பதாலேயே அவை திட உணவைவிட விரைந்து இறங்குகின்றன. சர்க்கரை இல்லாத இனிப்புகளில் சார்பிட்டால், மால்டிட்டால் இருந்தால் அவையும் பேதியை உண்டாக்கும். டம்பிங் இருந்தால்தான் எடை நன்றாகக் குறையும் என்றொரு நம்பிக்கை நோயாளிகளிடையே உலவுகிறது. ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை.

பிந்திய டம்பிங்கில் சர்க்கரை தாழ்ந்துவிட்டால் 15 கிராம் அளவு குளுக்கோஸ் எடுத்துத்தான் ஆக வேண்டும். நிலைமை சீரானதும் கொஞ்சம் புரதமும் சாப்பிட வேண்டும். நடுக்கம் வரும்போதெல்லாம் மிட்டாயை மட்டும் வாயில் போட்டால் இன்சுலின் மறுபடி பொங்கி, இன்னொரு தாழ்வுக்கு வழியாகும். அறிகுறி தொடங்கிய நிலையில் வண்டி ஓட்டுவது ஆபத்து.

மருத்துவம்

உணவைக் கெட்டியாக்கி இறக்கத்தைத் தாமதப்படுத்த குவார் கம் போன்ற நார்ப்பொருள்கள் பயன்படுகின்றன. இது கொத்தவரை இனத்து விதையிலிருந்து எடுக்கப்படும் பிசின். சிறு பையில் அடைத்துக்கொள்ளலாம் என்பதால் மருத்துவர் சொல்லும் அளவோடு நிறுத்த வேண்டும். பிந்திய டம்பிங்குக்கு அகார்போஸ் மாத்திரை சாப்பாட்டோடு தரப்படும். மாவுச்சத்து சர்க்கரையாவதை அது மந்தமாக்கும், வயிற்றில் வாயு சேர்வது அதன் விலை. இவற்றுக்கு அடங்காவிட்டால் ஆக்ட்ரியோடைடு ஊசி. மறு அறுவை மிகச் சிலருக்கே தேவைப்படும்.

வாந்தி நாள்கணக்கில் நீடித்தால் அதை ஒத்துக்கொள்ளாமை என்று விட்டுவிடக் கூடாது. இணைப்பு வாய் சுருங்கியிருக்கிறதா என்று எண்டோஸ்கோப்பியில் பார்க்க வேண்டும். தொடர் வாந்தியால் தயமின் என்னும் பி1 வைட்டமின் வற்றினால் மூளை பாதிக்கப்பட்டு நடை தள்ளாடும், பார்வை இரட்டிக்கும். அந்த நிலையில் தயமின் தராமல் குளுக்கோஸ் டிரிப் மட்டும் ஏற்றுவது பாதிப்பை முற்றச்செய்யும்.

பைபாஸ் செய்துகொண்ட பெண்கள் கருவுறும்போது இன்னொரு சிக்கல். சென்னை மருத்துவர் வி. சேஷையாவின் பெயரோடு இணைந்த ஒற்றைப் படிச் சோதனையில், கர்ப்பிணி 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடித்து, 2 மணி நேரம் கழித்து இரத்தம் கொடுக்கிறார். அளவு 140 மில்லிகிராமைத் தொட்டால் கர்ப்பகால நீரிழிவு. மற்றவர்களுக்கு எளிய சோதனை. பைபாஸ் ஆனவருக்கு அந்த டம்ளரே டம்பிங்கைத் தூண்டிவிடும், முடிவும் நம்பத்தக்கதாக இராது. அவர்களுக்கு 24 முதல் 28-ஆவது வாரத்துக்குள் ஒரு வாரம் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சர்க்கரையைப் பார்த்துக் குறிக்கச் சொல்வதே பரிந்துரைக்கப்படும் மாற்று. அதற்கு, அறுவை நடந்த விவரம் முதல் பரிசோதனையிலேயே கர்ப்பகால அட்டையில் ஏறியிருக்க வேண்டும்.