எயார் கிளீனர் மூக்கில் ஒரு மெழுகுக் குப்பி



போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது நம்மூர் நாநா ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "சேர், நீங்க விஞ்ஞானம் படிச்சுக் குடுக்கிற ஆள். என்ட காருக்கு என்னதான் வருத்தமெண்டு சொல்லுங்க பார்ப்போம். ரேடியேட்டர் கழுவியாச்சு, தேமோஸ்டட் மாத்தியாச்சு, பிளக் மாத்தியாச்சு. வெயில் நேரம் ஏத்தத்துல இழுவையே இல்ல. பெற்றோல மட்டும் தண்ணி மாதிரிக் குடிக்குது."

அந்தக் காரில்தான் அவர் ஹயர் ஓடுகிறார். கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கும் கண்டி ஆஸ்பத்திரிக்கும் நம்மில் பலரை ஏற்றிப் போன கார்தான். கடைசியாகப் பார்த்த கராஜில் எஞ்சினைப் பிரித்துச் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். அந்தத் தொகையைக் கேட்டுவிட்டுத்தான் மனுஷன் என் கையைப் பிடித்திருக்கிறார்.

மறுநாள் பகல் போய் பொனட்டைத் திறந்து பார்த்தோம். குறை இருந்தது எஞ்சினில் அல்ல. எயார் கிளீனரின் மூக்குக்குள் இருக்கும் ஒரு சிறிய கதவில். அந்தக் கதவை யார், எதற்கு வைத்தார்கள் என்பது பெரிய கதை. அது தெரியாததால்தான் நம் பக்கத்தில் பாதிப் பேர் அதைக் கழற்றி எறிகிறார்கள், மீதிப் பேர் அது இருப்பதே தெரியாமல் ஓடுகிறார்கள். அதனால்தான் இந்த நீளமான பதிவு.

பெற்றோல் எஞ்சின் பிறந்த நாளிலிருந்தே அதற்குக் குளிர் ஒரு எதிரி. காபரேட்டருக்குள் பெற்றோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றிலிருந்து வெப்பத்தை உறிஞ்சுகிறது. கையில் சென்ட் பூசினால் குளிர்கிறதே, அதே வேலைதான். உள்ளே வெப்பநிலை 20 பாகைக்கு மேல்கூட இறங்கிவிடும். அப்படியானால் வெளியே 12 பாகையும் பனிமூட்டமும் இருந்தால் காபரேட்டரின் தொண்டையில் ஐஸ் பிடிக்கும். வெளியே ஐஸ் விழ வேண்டும் என்று அவசியமே இல்லை, ஈரப்பதன் போதும். விமானிகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை. காபரேட்டர் எஞ்சின் உள்ள சிறிய விமானங்களில் சூட்டுக்காற்றைத் திறந்துவிட இன்றைக்கும் தனியாக ஒரு பிடி இருக்கிறது.

கார்க்காரர்கள் கண்ட வழி எளிமையானது. புகை வெளியேறும் மெனிபோல்ட் எப்படியும் கொதிக்கிறது. அதைச் சுற்றியுள்ள காற்றை ஒரு குழாயால் இழுத்துக் காபரேட்டருக்குக் கொடுத்தால் சரி. 1908 இல் வந்த போர்ட் மொடல் டீ காரிலேயே அந்தக் குழாய் இருந்தது. 1959 இல் வந்த மினியில் கதவு கிடையாது. எயார் கிளீனரின் மூக்கையே மாரி காலத்தில் மெனிபோல்ட் பக்கமும் கோடையில் அப்பாலும் கையால் திருப்பி வைக்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை செய்கிற வேலை என்பதால் மறப்பவர்களே அதிகம். மாரி, கோடை என்று இரண்டாகப் பிரியாத நம் நாட்டுக்கு அதே கார்கள் வந்தபோது மூக்கு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று யார் கவலைப்பட்டிருப்பார்கள்?

மனிதன் மறந்தாலும் தானாகத் திரும்பும் ஒன்று வேண்டியிருந்தது. அதற்கான அறிவு ஏற்கனவே இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தரான கோர்னேலியஸ் டிரெபெல், முட்டை பொரிக்க வைக்கும் அடுப்பின் சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் கருவி ஒன்றைச் செய்தார். 18ஆம் நூற்றாண்டில் ஜோன் ஹரிசன் கப்பல்களுக்கான கடிகாரத்தில் ஈருலோகச் சட்டத்தைப் பயன்படுத்தினார். பித்தளையும் இரும்பும் ஒரே சூட்டுக்கு வெவ்வேறு அளவில் விரியும், இரண்டையும் ஒட்டிவைத்தால் சட்டம் வளையும் என்று வகுப்பில் படித்தீர்களே, அதுதான். 1830 இல் அன்ட்ரூ யூர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் இந்தத் தத்துவத்தில் ஒரு கருவிக்குக் காப்புரிமை எடுத்து, அதைத் தேமோஸ்டட் என்று அழைத்தார்.

அதற்கு நூறு வருடங்களுக்குப் பிறகு, 1930களில், அமெரிக்காவில் சேர்ஜியஸ் வெர்னே என்பவர் வேறு வழி கண்டார். ஒரு சிறிய உலோகக் குப்பிக்குள் மெழுகை அடைத்தார். மெழுகு உருகும்போது நன்றாக விரியும், விரிந்தால் ஒரு ஊசியை வெளியே தள்ளும். ஈருலோகச் சட்டம் மெல்ல வளையும், பலம் குறைவு. மெழுகு தள்ளும் தள்ளு பலமானது. ரேடியேட்டர் தண்ணீரைக் கட்டுப்படுத்தும் தேமோஸ்டட்டில் இன்றுவரை இருப்பது இதுதான். அதன் சின்னத் தம்பிதான் எயார் கிளீனர் மூக்கில் உட்கார்ந்திருப்பது.

ஆனால் தானாகத் திரும்பும் கதவு எல்லாக் கார்களுக்கும் பரவக் காரணம் குளிர் மட்டும் அல்ல, புகை. 1950களின் தொடக்கத்தில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரைக் கண்ணெரிய வைத்த புகைமூட்டம் வாகனப் புகையும் சூரிய ஒளியும் சேர்ந்து உண்டாக்குவது என்று ஹாகன்-ஸ்மித் என்ற இரசாயனவியலாளர் காட்டினார். அதன் பிறகு சட்டங்கள் வந்தன. அமெரிக்கா முழுவதற்குமான முதல் புகைக் கட்டுப்பாடு 1968 மொடல் கார்களிலிருந்து அமுலானது. புகையைக் குறைக்க பெற்றோலைக் குறைத்துக் காற்றைக் கூட்ட வேண்டும். அப்படிச் செய்தால் குளிர்ந்த எஞ்சின் திணறும். எஞ்சினுக்குள் போகும் காற்று எப்போதும் 40 பாகையளவில் இருந்தால் திணறாது, சோக்கையும் சீக்கிரம் விடலாம். ஆகவே கதவு அவசியமாகிவிட்டது.

ஜப்பான் இன்னும் கடுமையாக இறங்கியது. 1978 இல் அங்கு வந்த சட்டம் நைதரசன் ஒட்சைட்டுகளைக் கிலோமீற்றருக்கு 0.25 கிராம் அளவுக்குக் குறைக்கச் சொன்னது. பழைய ஜப்பான் காரின் பொனட்டைத் திறந்தால் இடியப்பச் சிக்கல் மாதிரி ஹோஸ் ஹோஸாகத் தெரிவது ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? அந்தக் காலத்துப் புகைச் சட்டங்களுக்குச் சொன்ன பதில்தான் அது.

அதே நேரத்தில்தான் நம் நாடு 1977 இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. ஜப்பான் கார்கள் வந்து குவிந்தன. கூடவே அந்த ஹோஸ்களும் வந்தன. அவை என்னத்துக்கு என்று சொல்லும் புத்தகம் வந்தது ஜப்பான் எழுத்தில். நம் பாஸ்மார் கெட்டிக்காரர்கள், கையும் காதும் வைத்தே எஞ்சினைப் படித்தவர்கள். ஆனால் குளிர்நாட்டுச் சாமான் எதற்கு என்று அந்தக் குழாயைக் கழற்றி எறிவது ஒரு பழக்கமாகிவிட்டது. கொழும்புக்கும் புத்தளத்துக்கும் அது சரியாகவும் இருந்தது. எங்களூருக்கு அது முழுதாகச் சரியா என்பதைக் கீழே சொல்கிறேன்.

இனி நாநாவின் காருக்கு வருவோம்.

இந்தக் கதவு இரண்டு வகை. ஒன்று மெழுகு வகை. குளிரில் மெழுகு சுருங்கியிருக்கும், ஸ்பிரிங் கதவைச் சூட்டுக்காற்றுப் பக்கம் திறந்து வைத்திருக்கும். சூடேறினால் மெழுகு விரிந்து, ஸ்பிரிங்கை எதிர்த்துத் தள்ளிச் சூட்டுக் குழாயை மூடும். வருடக்கணக்கில் ஓடி மெழுகு கசிந்துவிட்டால் தள்ள ஆள் இல்லை. ஸ்பிரிங் ஜெயிக்கும், கதவு எப்போதும் சூட்டுப் பக்கமே நிற்கும். மற்றது வெக்கியூம் வகை. எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடம் ஒரு ரப்பர் தோல் வழியாகக் கதவைச் சூட்டுப் பக்கம் இழுக்கும், எயார் கிளீனருக்குள் இருக்கும் ஈருலோகச் சட்டம் சூடானதும் அந்த இழுப்பை விட்டுவிடும். இதில் ஹோஸ் வெடித்தாலோ தோல் கிழிந்தாலோ கதவு குளிர்ப் பக்கம் விழும்.

இரண்டும் நேரெதிராகப் பழுதாகின்றன என்பதைக் கவனியுங்கள். வெக்கியூம் வகை பழுதானால் நம் வெயிலில் இழுவை குறையாது. வெடித்த ஹோஸால் ஐட்லிங் மட்டும் ஆடலாம். மெழுகு வகை பழுதானால் கொதிக்கும் காற்றைத்தான் எஞ்சின் நாள் முழுக்கக் குடிக்கும்.

அதனால் என்ன நட்டம்? கணக்குப் போடுவோம். 30 பாகைக் காற்றுக்குப் பதிலாக 60 பாகைக் காற்று போகிறது என்று வையுங்கள். 303 ஐ 333 ஆல் பிரித்தால் 0.91. அதாவது ஒவ்வொரு மூச்சிலும் 9 வீதம் காற்றுக் குறைவு. காபரேட்டருக்கு இது தெரியாது, அது பெற்றோலை அதே விகிதத்தில் குறைக்காது. கலவை தடிக்கும், இழுவை குறையும், ஏத்தத்தில் நொக்கிங் வரும், மனுஷன் இன்னும் அழுத்துவான், பெற்றோல் போகும். ஆனால் தண்ணீரின் சூடு காட்டும் முள் அசையாது. ரேடியேட்டருக்குச் செலவழித்த காசு வீணானது அதனால்தான்.

சுவீடனில் இதே குறை வேறு விதமாகப் பேர் வாங்கியது. வொல்வோ 240 கார்களில் காற்றை அளக்க, சூடேற்றிய மெல்லிய கம்பியுள்ள ஒரு மீற்றர் இருந்தது. மெழுகுக் குப்பி செத்து, கோடையிலும் சூட்டுக்காற்று வந்தால் அந்த மீற்றர் வெந்து பழுதாகும். மீற்றரின் விலை அதிகம், குப்பியின் விலை சொற்பம். அதனால் அனுபவப்பட்டவர்கள் புது மீற்றர் போட முன்னர் குப்பியை மாற்றிவிடுவார்கள்.

பார்ப்பதற்குப் பெரிய சாமான் எதுவும் தேவையில்லை. வெயிலேறிய நேரம், எஞ்சின் ஆறியிருக்கும்போது, மூக்கின் வாயில் டோர்ச் அடித்துக் கதவைப் பாருங்கள். மெழுகு வகையானால் 28, 30 பாகையில் கதவு பெரும்பாலும் சூட்டுக் குழாயை மூடியிருக்க வேண்டும். நாநாவின் கதவு அதற்கு மாறாக, வெளிக்காற்று வழியை அடைத்துக்கொண்டு நின்றது. சந்தேகம் தீர அதைக் கழற்றி, அவர் வீட்டுப் பிரிட்ஜில் கால் மணித்தியாலம் வைத்தோம். மச்சிக்கு அது பிடிக்கவில்லை. பிறகு கையை விட்டால் பொறுக்கும் அளவு சுடுதண்ணீரில் போட்டோம். நல்ல குப்பியானால் ஊசி வெளியே வரும். இது ஒரு நூல்கூட அசையவில்லை.

வெக்கியூம் வகையைப் பார்ப்பது வேறு. எஞ்சின் நிற்கும்போது கதவு குளிர்ப் பக்கம் இருக்கும், அது குறை அல்ல. கதவுக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, துடைத்து, வாயால் உறிஞ்சுங்கள். கதவு எழும்ப வேண்டும். நாக்கால் அடைத்தால் எழும்பியபடியே நிற்க வேண்டும். விழுந்தால் தோல் கிழிந்திருக்கிறது. எழும்பி நின்றால் அடுத்த சந்தேகம் ஹோஸ், அதற்கடுத்தது ஈருலோகச் சட்டம்.

சாமான் தேடுவதுதான் கஷ்டம். பஞ்சிகாவத்தையில் போய்த் தேமோஸ்டட் என்று கேட்டால் ரேடியேட்டர் தேமோஸ்டட்டைத்தான் எடுத்துத் தருவார்கள். பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். சில கார்களுக்குக் குப்பி தனியாக வராது, மூக்கோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும். பழைய சாமானானால் காசு கொடுக்க முன்னர் ஒரு பிளேன்டீக் கோப்பைச் சூட்டில் போட்டுப் பார்த்துவிடுங்கள், கடைக்காரர் சிரித்தாலும் பரவாயில்லை. மாட்டும்போது குப்பி இருந்த பக்கமும் ஸ்பிரிங் கொளுவியிருந்த ஓட்டையும் மாறக்கூடாது. கழற்ற முன் ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்தால் போதும்.

சாமான் கிடைக்காவிட்டால் கதவைக் குளிர்ப் பக்கம் கம்பியால் கட்டிவிடலாமா என்று நாநா கேட்டார். கொழும்புக் காரானால் நான் ஆம் என்பேன். நம்மூர்க் கார் அப்படியல்ல. பகல் 29 பாகையில் கம்பளையில் புறப்பட்டு, புஸ்ஸல்லாவை, றம்பொடை தாண்டி, 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவுக்குப் போய், சுபஹுக்குப் பிறகு 11, 12 பாகைப் பனிமூட்டத்தில் திரும்பும் கார் இது. காபரேட்டரில் ஐஸ் பிடிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. அந்த ரோட்டில் விடியற்காலையில் கார் தானாக நின்றுபோய், பத்து நிமிஷத்தில் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆன கதைகளைச் சின்ன வயதில் எத்தனை கேட்டிருப்போம்? பெற்றோலில் தண்ணீர் என்பார்கள், அந்த வளைவில் ஏதோ இருக்கிறது என்று ஓதி ஊதவும் செய்வார்கள். நின்ற எஞ்சினின் சூட்டில் ஐஸ் உருகிவிட்டால் பாஸ் வந்து பார்க்கும்போது என்ன சாட்சி இருக்கும்? அந்தக் கதைகளில் சிலவற்றுக்காவது காரணம் இந்தக் கழற்றி எறிந்த குழாய்தான் என்பது என் எண்ணம்.

2022 ஐ நினைத்துப் பாருங்கள். பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். கியூஆர் அட்டையில் காருக்கு முதலில் கிடைத்தது வாரத்துக்கு 20 லீற்றர். 2020 இலிருந்து வாகன இறக்குமதி நின்றிருந்ததால் பழைய காரை விட்டால் வேறு வழியும் இல்லை. இந்த நாநா அந்த 20 லீற்றரை வைத்துத்தான் டயலிசிஸ் நோயாளிகளைக் கண்டிக்குக் கொண்டுபோய் வந்தார். அப்போதே இந்தக் குப்பி செத்திருந்ததா என்று அவர் கேட்டார். இழுவை எப்போது குறையத் தொடங்கியது என்று திரும்பக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மூணு நாலு வருஷம் இருக்கும் சேர்" என்றார்.

பழைய சாமான் ஒன்று செவ்வாய்க்கிழமை பஞ்சிகாவத்தையிலிருந்து வந்தது. சுடுதண்ணீரில் ஊசி வெளியே வந்தது, பிரிட்ஜில் உள்ளே போனது. புதன்கிழமை நாலு பேரை ஏற்றிக்கொண்டு நுவரெலியா போய் வந்திருக்கிறார். றம்பொடை ஏத்தத்தில் கியர் ஒன்று குறைவாகத்தான் மாற்ற வேண்டியிருந்ததாம். பெற்றோல் கணக்கை ஒரு கொப்பியில் எழுதச் சொல்லியிருக்கிறேன், ஒரு மாதம் போகட்டும். எஞ்சினைப் பிரிக்கும் பேச்சு இப்போதைக்கு இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.