புறப்பட்ட துறைக்கே

ரயிலை விட்டு இறங்கியதும் மகள் சுற்றுமுற்றும் பார்த்தாள். அதே ஸ்டேஷன். அதே படிக்கட்டு. கீழே அதே பலூன்காரர்.

"அப்பா, இங்கதானே ஏறினோம்?"

"ஆமா."

"அப்ப எங்க போனோம்?"

அவளுக்கு ஐந்து வயது. இடம், ஃப்ளோரிடாவில் ஆர்லண்டோவுக்குப் பக்கத்தில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்ட். அங்குள்ள மேஜிக் கிங்டம் பூங்காவை ஒரு நீராவி ரயில் சுற்றிவருகிறது. ஏறத்தாழ ஒன்றரை மைல் தண்டவாளம், ஒரு முழுச் சுற்றுக்கு 20 நிமிடம். நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கும் லூப்பைப் பார்த்தால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும். இங்கே காசு கொடுத்து, வரிசையில் நின்று, அதில் ஏறியிருந்தோம். மகளுக்குச் சொல்லப் பதில் வரவில்லை. என் அப்பாதான் காப்பாற்றினார். "சுத்திப் பாத்துட்டு வந்தோம்டா தங்கம்" என்றார்.

அப்பா ஊரிலிருந்து எங்களோடு சில மாதங்கள் இருக்க வந்திருந்தார். மூன்று நாள் பூங்கா. பிறகு கிழக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் போர்ட் கனாவெரல். அங்கிருந்து நான்கு இரவு கப்பலில். பஹாமாஸின் நசாவைத் தொட்டுவிட்டு அதே துறைமுகத்துக்கே திரும்புவது என்று திட்டம். பூங்கா என்றதும் சரி என்ற அப்பா, கப்பல் என்றதும் பின்வாங்கினார். "எனக்கு எதுக்குப்பா கப்பலு, நீங்க போயிட்டு வாங்க." காரணம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் கப்பல் ஏறுவது என்பதற்கு அர்த்தமே வேறு. அதற்குப் பிறகு வருகிறேன். மகளின் கேள்விக்கு ரயிலிலிருந்துதான் பதில் தேடத் தொடங்கினேன்.

வால்ட் டிஸ்னி ஒரு ரயில் பைத்தியம். 1906 முதல் 1911 வரை அவர் குடும்பம் இருந்த மார்செலின், மிசௌரி மாநிலத்தில் சாண்டா ஃபே ரயில் பாதையில் இருக்கும் சின்ன ஊர். பதின்வயதில் ஒரு கோடைக்காலம் ஓடும் ரயிலில் பேப்பரும் மிட்டாயும் விற்றார். கையில் காசு சேர்ந்த பிறகு, 1950இல், லாஸ் ஏஞ்சலிஸில் தன் வீட்டுத் தோட்டத்திலேயே ஆள் ஏறி உட்கார்ந்து ஓட்டக்கூடிய சிறிய நீராவி ரயிலைப் போட்டார். அது எந்த ஊருக்கும் போகவில்லை. தோட்டத்துக்குள்ளேயே வளைந்து வளைந்து ஓடியது.

இன்னொரு கதையும் உண்டு, அதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். மகள்கள் இருவரையும் கிரிஃபித் பார்க்குக்கு அழைத்துப் போவார். அவர்கள் குடைராட்டினத்தில் குதிரை மேல் சுற்றுவார்கள். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். பிள்ளைகளும் பெற்றவர்களும் சேர்ந்து அனுபவிக்க ஓரிடம் ஏன் இல்லை என்று அந்தப் பெஞ்சில்தான் தோன்றியதாம். பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்து போனை நோண்டிய எந்தப் பெற்றோருக்கும் அந்தப் பெஞ்சு தெரியும்.

1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவின் ஆனஹைமில் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டது. அதைச் சுற்றி உயரமாக மண்மேடு எழுப்பி ரயிலை ஓடவிட்டார்கள். உள்ளே இருப்பவர் கண்ணுக்கு வெளியே உள்ள ஊர் தெரியக் கூடாது என்பது மேட்டின் நோக்கம். சிறுவயதில் அவர் பார்த்த அதே சாண்டா ஃபே கம்பெனி, காசு கொடுத்துத் தன் பெயரை அந்த வட்ட ரயிலுக்கு வைத்தது. நாடு முழுக்கச் சரக்கும் சனமும் ஏற்றிய ஒரு ரயில்வே, ஊரே போகாத ஒரு ரயிலில் விளம்பரம் செய்தது. அப்போதே அமெரிக்காவில் கார்களும் நெடுஞ்சாலைகளும் பயணிகளை ரயிலிடமிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தன.

ஃப்ளோரிடாவில் இதன் அடுத்த அத்தியாயம். 1966 டிசம்பரில் வால்ட் இறந்துபோனார். அண்ணன் ராய் வேலையை முடித்து, 1971 அக்டோபர் 1 அன்று வால்ட் டிஸ்னி வேர்ல்டைத் திறந்தார். அதே ஆண்டு மே 1 அன்றுதான் அமெரிக்காவின் தனியார் ரயில்வேக்களில் பெரும்பாலானவை தொலைதூரப் பயணிகள் சேவையை ஆம்ட்ராக் என்ற அரசு ஆதரவு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டுக் கைகழுவின. உண்மையான ரயில் ஓய்ந்த ஆண்டில் வட்ட ரயில் கிளம்பியது.

நாங்கள் ஏறிய எஞ்சினின் கதையைப் பிறகு படித்தபோது எனக்கு லேசாகச் சிலிர்த்தது. அது பூங்காவுக்காகச் செய்த பொம்மை எஞ்சின் இல்லை. மேஜிக் கிங்டமின் நான்கு எஞ்சின்களும் ஃபிலடெல்ஃபியாவின் பால்ட்வின் தொழிற்சாலையில் 1916க்கும் 1928க்கும் இடையே செய்யப்பட்டவை. மெக்சிகோவின் யுகாதான் பகுதியில் பல ஆண்டுகள் சரக்கும் ஆட்களும் இழுத்தவை. வேலை போய்க் கிடந்த அவற்றை டிஸ்னி ஆட்கள் 1969இல் வாங்கினார்கள். ரிப்பேர் பார்த்தது டாம்பாவில் உள்ள ஒரு கப்பல் பட்டறை. ஓய்வுபெற்ற நான்கு கிழவர்களைக் கூட்டிவந்து, குளிப்பாட்டி, வண்ணச் சட்டை மாட்டி, பிள்ளைகளோடு விளையாடச் சொன்னதுபோல.

கப்பலின் கதையும் ஏறத்தாழ இதே கதைதான்.

ஆல்பர்ட் பாலின் ஹாம்பர்க் நகரத்துக்காரர். அமெரிக்காவுக்குக் குடியேறப் போகும் ஏழைகளுக்குக் கப்பல் டிக்கெட் ஏற்பாடு செய்வது அவர் குடும்பத் தொழில். பின்னர் ஹாப்பாக் என்ற பெரும் கப்பல் கம்பெனியில் சேர்ந்து அதன் தலைமைக்கே வந்தார். குளிர்காலத்தில் அட்லாண்டிக் கொந்தளிக்கும், பயணிகள் குறைவார்கள். ஆனால் கப்பல் சும்மா நின்றாலும் செலவு நிற்காது. 1891 ஜனவரியில் 'அகஸ்டா விக்டோரியா' கப்பலை, 241 பயணிகளோடு, மத்தியதரைக் கடலைச் சுற்றிவர அனுப்பினார். கூடவே அவரும் போனார். சுமார் இரண்டு மாதம் கழித்துக் கப்பல் திரும்பியது. நவீன உல்லாசக் கப்பல் பயணத்தின் தொடக்கமாக வரலாற்றாசிரியர்கள் பலர் காட்டுவது இதைத்தான். சும்மா நிற்கும் சர்வரை வேறு வேலைக்கு வாடகைக்கு விடுவதுபோல ஒரு கணக்கு. அதற்காக ஒரு கப்பல் எங்கேயும் சேர்க்க வேண்டியிராத பயணிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியது.

ஆனாலும் அது ரொம்ப காலம் பணக்காரர்களின் பொழுதுபோக்காகத்தான் இருந்தது. கப்பலின் பிழைப்பு ஆட்களை அக்கரை சேர்ப்பதுதான். 1958 அக்டோபரில் அட்லாண்டிக்குக்குக் குறுக்கே ஜெட் விமானச் சேவை தொடங்கியதும் அந்தப் பிழைப்பில் மண் விழுந்தது. நாள்கணக்கில் போன பயணம் மணிக்கணக்கில் முடிந்தது. பெருங்கப்பல்கள் ஒவ்வொன்றாக நின்றன.

அப்படி நின்ற ஒன்று, லிவர்பூலுக்கும் கனடாவுக்கும் இடையே ஓடிய 'எம்ப்ரஸ் ஆஃப் கனடா'. டெட் அரிசன் என்பவர் அதை வாங்கி, 'மார்டி க்ரா' என்று பெயர் மாற்றி, 1972 மார்ச்சில் மயாமியிலிருந்து கிளப்பினார். கார்னிவல் கம்பெனியின் முதல் பயணம். துறைமுகத்தைத் தாண்டும்போதே மணல் திட்டில் தட்டி நின்றுவிட்டது. கப்பல் நகரவில்லை, ஆனால் உள்ளே இருந்தவர்களின் கொண்டாட்டம் தொடர்ந்தது என்று சொல்வார்கள். இந்தத் தொழிலின் சூட்சுமம் அன்றைக்கே தெரிந்துவிட்டது என்று தோன்றுகிறது.

'ஃபிரான்ஸ்' கப்பலின் கதை இன்னும் தெளிவு. 1962இல் நியூயார்க்குக்கு ஓடத் தொடங்கிய, அந்த நாட்டின் பெருமைக்குரிய கப்பல். 1974இல் நிறுத்தினார்கள். ஒரு நார்வே கம்பெனி வாங்கி, 'நார்வே' என்று பெயர் மாற்றி, 1980இல் கரீபியன் கடலுக்கு அனுப்பியது. அனுப்பும் முன் ஒரு மாற்றம் செய்தார்கள். அதன் நான்கு உந்துவிசிறிகளில் இரண்டைக் கழற்றிவிட்டார்கள். போய்ச் சேர வேண்டிய அவசரம் இல்லாத கப்பலுக்கு எதற்கு அவ்வளவு வேகம்?

இப்போது எங்கள் வீட்டுக் கப்பல்.

1951இல் என் தாத்தா நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' ஏறினார். ரஜுலா 1926இல் ஸ்காட்லாந்தில் கட்டிய கப்பல். மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் ஓடியது. அதில் போனவர்களில் பெரும்பாலோருக்கு அறை கிடையாது. மேல்தளத்தில் பாயை விரித்து, மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், படகில் போய் ஏற வேண்டும். தாத்தா படகில் ஏறியபோது அப்பாவுக்கு மூன்று வயது. பினாங்கில் ஒரு மளிகைக்கடையில் தாத்தாவுக்கு வேலை. காசு வந்தது, கடிதம் வந்தது. ஆள் வந்தது 1962இல்.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரியாத ஒன்றை அப்பா இந்தப் பயணத்தின் இரண்டாவது ராத்திரி சொன்னார். கடைசியில் மருமகள் சொல்லைத் தட்ட முடியாமல் கப்பலுக்கு வந்திருந்தார். மகள் தூங்கிய பிறகு நானும் அவரும் மேல்தளத்தில் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கப்பல் கிழித்து வந்த நுரை வெள்ளைக் கோடாக நீண்டுகொண்டே போனது.

"எங்கப்பா வந்தப்ப நானும் பெரியப்பா மவனும் கரையில நின்னோம். படகுல இருந்து எறங்கி நேரா வந்தாரு. வந்து அவனக் கட்டிப் புடிச்சிக்கிட்டாரு."

நான் ஒன்றும் பேசவில்லை.

"அவனும் சும்மாதான் நின்னான். நானும் சொல்லல. அம்மாதான் 'அது இல்லீங்க, இது'ன்னுச்சு."

ரஜுலாவைப் பற்றி யோசித்தேன். அந்தக் கப்பலும் வட்டம் அடித்த கப்பல்தான். மெட்ராஸில் கிளம்பி, சிங்கப்பூர் தொட்டு, மறுபடி மெட்ராஸுக்கே வந்தது. வருஷத்துக்கு எத்தனையோ முறை நாகப்பட்டினத்துக்கு வெளியே வந்து நின்றது. தாத்தா போய்விட்டு வராத அந்த 11 வருஷமும் கப்பல் தவறாமல் திரும்பி வந்துகொண்டிருந்தது. கப்பலுக்கு எப்போதுமே வட்டம்தான். ஏறியவருக்குத்தான் அது நேர்கோடு. பாலின் அனுப்பிய கப்பலிலும் நாங்கள் நின்ற கப்பலிலும் நடந்த மாற்றம் இவ்வளவுதான்: கப்பலின் வட்டத்தைப் பயணிக்கும் சேர்த்து விற்றார்கள். போனவர் திரும்பி வருவார் என்பது டிக்கெட்டிலேயே அச்சாகிவிட்டது.

எல்லாருக்கும் அச்சாகவில்லை என்பது மறுநாள் காலை சாப்பாட்டு மேசையில் தெரிந்தது. எங்களுக்குப் பரிமாறிய இளைஞர் நாங்கள் பேசுவதைக் கேட்டு, "சார் தமிழா?" என்றார். நாகர்கோவில் பக்கம். தண்ணீர் ஊற்றும் சாக்கில் அப்பாவிடம் பேச்சுக் கொடுத்தார்.

"எத்தன மாசம் தம்பி?"

"எட்டு மாசம் காண்ட்ராக்ட் சார். இன்னும் மூணு இருக்கு."

"புள்ளைங்க?"

"ஒரு பையன். ரெண்டு ஆகப்போவுது."

"ஒன்னைத் தெரியுமா அவனுக்கு?"

"தெனமும் வீடியோ கால் பண்ணுறேன்லா சார்" என்று சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் அடுத்த மேசையில் கூப்பிட்டுவிட்டார்கள்.

இந்தக் கப்பல்களில் சமைப்பவர்கள், படுக்கை விரிப்பவர்கள், எஞ்சின் அறையில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வருகிறார்கள். ஆறு மாதம், எட்டு மாதம், ஒன்பது மாதம் என்று ஒப்பந்தம். நான்கு நாளுக்கு ஒருமுறை கப்பல் கிளம்பிய துறைக்கே திரும்பிவிடுகிறது. அவர்கள் வீடு அந்தத் துறையில் இல்லை. ரஜுலாவின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்திருந்த அந்த நேர்கோடு இப்போது கப்பலின் கீழ்த்தளத்துக்கு இறங்கிவிட்டது. என் மகள் வட்டத்தில் சுற்ற, யாரோ ஒருவர் நேர்கோட்டில் போய்விட வேண்டியிருக்கிறது. சம்பளத்துக்காக ஒரு காலத்தில் நானும் அப்படி ஒரு நேர்கோட்டில்தான் அமெரிக்கா வந்தேன் என்பதையும் மறக்கக் கூடாது. அம்மா போனபோது நான் போய்ச் சேர இரண்டு நாள் ஆனது.

குற்ற உணர்ச்சியில் விடுமுறையைக் கெடுத்துக்கொண்டேன் என்று நினைக்காதீர்கள். அன்றும் சறுக்குமரத்தில் மகளோடு ஏழு முறை சறுக்கினேன். பெஞ்சில் உட்காராத அப்பாவாக இருக்க ஒரு வாய்ப்பு, அதை விடுவானேன்? அப்பா மட்டும் மிச்ச நாளெல்லாம் ஒவ்வொரு வேளையும் அந்தத் தம்பி பரிமாறும் மேசையையே தேடிப் போனார். நாங்கள் சாப்பிட்டு எழுந்த பிறகும் உட்கார்ந்திருந்தார். கடைசி இரவு ஒரு கவரில் பணம் வைத்து என்னிடம் கொடுக்காமல் தானே கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஐந்தாம் நாள் காலை போர்ட் கனாவெரல். பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கினோம். மகள் தாத்தாவின் விரலைப் பிடித்திருந்தாள்.

"தாத்தா, இங்கதானே ஏறினோம்?"

"ஆமாடா தங்கம்."

அடுத்த கேள்வி வரும் என்று காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. அப்பா மட்டும் ஒருமுறை திரும்பிக் கப்பலைப் பார்த்தார். அதற்குள் மேலே பால்கனிகளைக் கழுவத் தொடங்கியிருந்தார்கள். மதியமே அடுத்த கூட்டம் ஏறும்.

"எல்லாரும் எறங்கியாச்சால்ல?" என்று எங்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்துவிட்டு நடந்தார்.