ஸ்மித்சோனியன் சூரிய மாறிலி அளவீடுகள்

ஸ்மித்சோனியன் சூரிய மாறிலி அளவீடுகள் என்பவை, சூரியனிலிருந்து பூமிக்கு வரும் ஆற்றல் மாறுகிறதா என அறிய அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் வானியற்பியல் ஆய்வகம் 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எடுத்த அளவீடுகள் ஆகும். சூரியச் செயற்பாடு வளிமண்டலத்தின் தெளிவை மாற்றுகிறதா என்ற பிற்கால விவாதத்துக்கும் இவையே அடிப்படையாயின.

அளவீட்டு முறை

இவ்வாய்வகத்தை 1890-இல் சாமுவேல் லாங்லி நிறுவினார். அவருக்குப் பின் சார்லஸ் கிரீலி ஆபட் இப்பணியைப் பல பத்தாண்டுகள் நடத்தினார். சூரியன் மேலெழ மேலெழ அதன் ஒளி கடக்கும் காற்றின் தடிமன் குறைகிறது. வெவ்வேறு உயரங்களில் சூரியன் இருக்கும்போது ஒளியை அளந்து, காற்றே இல்லாவிட்டால் எவ்வளவு இருக்கும் என்று கணக்கிட்டனர். அந்தச் சில மணி நேரத்தில் காற்றின் தெளிவு மாறாது என்பது இம்முறையின் அடிப்படைக் கருதுகோள். இதற்காகவே கலிபோர்னியாவின் வில்சன் மலை, சிலியின் மாண்டெசூமா போன்ற வறண்ட, உயரமான இடங்கள் தெரிவு செய்யப்பட்டன.

எரிமலைத் தூசி

1912 சூனில் அலாஸ்காவில் நோவாருப்டா எரிமலை வெடித்தது. அப்போது அல்சீரியாவில் அளவெடுத்துக்கொண்டிருந்த ஆபட், வானம் மங்கியதைப் பதிவு செய்தார். தொலைவிலுள்ள எரிமலையின் தூசியும் சூரிய ஒளியைக் குறைக்கும் என்பது இதனால் தெளிவானது.

ஆபட்டின் முடிவும் செயற்கைக்கோள்களும்

சூரியனின் ஆற்றல் குறிப்பிடத்தக்க அளவு மாறுகிறது என்றும், அதைக்கொண்டு வானிலையை முன்கணிக்கலாம் என்றும் ஆபட் இறுதிவரை நம்பினார். 1978 முதல் செயற்கைக்கோள்கள் வளிமண்டலத்துக்கு வெளியிலிருந்தே அளந்தன. 11 ஆண்டுச் சுழற்சியில் ஏற்படும் மாற்றம் ஏறத்தாழ 0.1 விழுக்காடு மட்டுமே எனத் தெரிந்தது. ஆபட் கண்ட பெரிய ஏற்ற இறக்கங்கள் பெரும்பாலும் காற்றினுடையவை.

பிற்கால விவாதம்

2010-இல் வெர்னர் வெபர் இப்பழைய தரவுகளையும் அவாயின் மௌனா லோவா தரவுகளையும் ஆராய்ந்தார். சூரியப்புள்ளிகள் மிகும்போது தரையை அடையும் நேரடி ஒளி சுமார் 1 விழுக்காடு கூடுகிறது என்றார். செயற்பாடு மிகுந்த சூரியன் அண்டக்கதிர்களைத் தடுப்பதால், அவற்றால் உருவாகும் நுண்துகள்கள் குறைந்து காற்று தெளிகிறது என்பது அவரது விளக்கம்.

2011-இல் கியார்க் பியூல்னர் இதை மறுத்தார். பருவகால மாற்றம், எரிமலைத் தூசி, உள்ளூர் மாசு ஆகியவற்றின் விளைவைத் திருத்தியபின் அத்தகைய வலுவான தொடர்பு காணப்படவில்லை என அவர் காட்டினார். ஆபட்டின் கணக்கைக் குழப்பிய அதே காற்று, நூறாண்டுக்குப் பின்னும் அத்தரவுகளைப் படிப்பவர்களுக்குச் சிக்கலாகவே இருந்தது.