இலையில்லாச் செடியின் வரலாறு

பசுமையே தாவரத்தின் இயல்பு என்பது நாம் இளமையிலேயே கற்ற பாடம். ஆயினும், பச்சையமும் இலையும் இன்றி, மண்ணுக்கடியில் பூஞ்சைகளிடமிருந்து உணவு பெற்றுப் பூக்கும் சிறு செடிகளும் உலகில் உள. அவற்றை மனிதன் அறிந்துகொண்ட வரலாறு பொறுமையின் வரலாறாகும்.

இத்தாலியத் தாவரவியலறிஞர் ஒடோவார்டோ பெக்காரி 1866ஆம் ஆண்டில் சரவாக்கின் மாத்தாங் மலைக்காட்டில் ஒரு சாணுக்கும் குறைவான செடியொன்றைக் கண்டார். வெண்மை சார்ந்த அதன் பூவில் செந்நிறக் கோடுகளும், உச்சியில் கம்பி போன்ற மூன்று நீட்சிகளும் இருந்தன. அதனை அவர் வரைந்துவைத்து, 1878இல் 'திஸ்மியா நெப்டூனிஸ்' எனப் பெயரிட்டு வெளியிட்டார்.

பச்சையமற்ற செடி எதனை உண்டு வாழ்கிறது? மட்கும் இலைதழைகளை அது நேராக உறிஞ்சுகிறது என்றே பலர் நெடுங்காலம் நம்பினர். 'மட்குண்ணி' என்றும் அழைத்தனர். ஐரோப்பியக் காடுகளில் வளரும் மோனோட்ரோப்பா என்னும் பச்சையமற்ற செடியை ஆராய்ந்த போலந்து அறிஞர் காமியென்ஸ்கி, அதன் வேரைப் பூஞ்சை இழைகள் உறைபோல் மூடியிருப்பதை 1881இல் எடுத்துரைத்தார். 1960இல் சுவீடன் அறிஞர் பியோர்க்மன், கதிரியக்கக் கரிமம் கொண்ட சர்க்கரையை மரங்களில் செலுத்தினார். அக்கரிமம் அருகிலிருந்த மோனோட்ரோப்பாவில் தென்பட்டது. ஆக்குவது மரம், கொணர்வது பூஞ்சை, உண்பது செடி என்னும் உண்மை புலனாயிற்று. திஸ்மியாவும் இவ்வாறு பூஞ்சையைச் சார்ந்தே வாழ்கிறது.

பெக்காரி கண்ட செடியோ மீண்டும் எவர் கண்ணிலும் பட்டதாகப் பதிவில்லை. பூக்கும் குறுகிய காலத்திலன்றி அது மண்ணுக்கு மேல் தலைகாட்டுவதில்லை. 151 ஆண்டுகள் கழிந்தபின், 2017இல் செக் நாட்டுத் தாவரவியலறிஞர்கள் அதே மாத்தாங் பகுதியில் அதனைக் கண்டு, முதன்முறையாகப் படம் பிடித்தனர். பெக்காரியின் ஓவியம் மெய்யென உறுதியாயிற்று.

இதன் இனத்தைச் சேர்ந்த திஸ்மியா அமெரிக்கானாவுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. 1912இல் சிகாகோ நகரருகே நார்மா பைஃபர் கண்டறிந்த அச்செடி, 1916க்குப் பின் காணப்படவேயில்லை. அது வளர்ந்த புல்வெளிப் பகுதி தொழிற்சாலைகளுக்கு இடமாயிற்று.

மாத்தாங்கில் காடு நின்றது. ஆகவே செடி மீண்டது. மரமும் பூஞ்சையும் ஒருங்கே நிலைத்தாலன்றி இச்செடி நிலைக்காது. நம் கண்ணுக்குத் தெரியாத உறவுகளும் காட்டின் செல்வமே என்பதை மாணவர்க்கு உணர்த்த, இச்சிறு செடியினும் சிறந்த சான்று வேறு வேண்டுமோ?