வால்வுக்குப் பின்னால் ஓடும் தமனி

இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே கதவு போல் திறந்து மூடுவது மைட்ரல் வால்வு. அதைச் சரிசெய்ய அறுவை மருத்துவர்கள் முதலில் துணிந்த காலத்தில், பக்கத்திலேயே ஓடும் ரத்தக்குழாயைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கவலைப்படும் நிலை அப்போது வரவும் இல்லை. 1925இல் லண்டனில் ஹென்றி சூட்டர் ஓர் இளம்பெண்ணின் துடிக்கும் இதயத்துக்குள் விரலை விட்டு, ருமாட்டிக் காய்ச்சலால் கெட்டுப்போன வால்வைத் தடவிப் பார்த்து விரித்துவிட்டார். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். ஆனாலும் அதே சிகிச்சைக்கு இன்னொரு நோயாளியை எந்த மருத்துவரும் அவரிடம் அனுப்பவில்லை. 1948இல்தான் அமெரிக்காவில் சார்லஸ் பெய்லியும் டுவைட் ஹார்க்கனும் அந்த வழியை மறுபடி திறந்தார்கள்.

விரலால் செய்த வேலை வால்வின் வாயோடு முடிந்தது. ஆபத்து ஊசியோடு வந்தது.

1953இல் ஜான் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தை வெற்றிகரமாகப் பயன்படுத்திக் காட்டிய பிறகு, இதயத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தைக்க முடிந்தது. 1957இல் மினசோட்டாவில் லில்லஹை, தளர்ந்துபோன வால்வின் விளிம்பைத் தையல் போட்டு இறுக்கினார். 1960இல் ஆல்பர்ட் ஸ்டாரும் பொறியாளர் லோவெல் எட்வர்ட்ஸும் செயற்கை வால்வையே பொருத்தினார்கள். இரண்டு வழியிலும் வால்வின் விளிம்பைச் சுற்றித் தையல் விழுந்தாக வேண்டும்.

திறந்த மேலறைக்குள் குனிந்து பார்க்கும் மருத்துவருக்கு இரண்டு இதழ்களும் அவற்றின் விளிம்பும் தெரியும். அந்த விளிம்புக்கு வெளியே, சுவரின் மறுபுறத்தில், கொழுப்பு மூடிய ஒரு பள்ளம் இருக்கிறது. இதயத்தின் இடது பக்கச் சுவருக்கு ரத்தம் கொடுக்கும் சர்க்கம்ஃப்ளெக்ஸ் தமனி ஓடுவது அதற்குள்தான். சில இடங்களில் அதற்கும் தையலுக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர் மட்டுமே. வளைந்த ஊசி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் நூல் தமனியையும் சேர்த்துச் சுற்றிவிடும். தமனியைத் தொடாமல் போனாலும், முடிச்சை இறுக்கும்போது சுற்றியுள்ள சதை இழுபட்டு அது மடங்கலாம். ரத்தம் பீறிடாது, கண்ணுக்கு எதுவும் தெரியாது. இயந்திரத்தை நிறுத்தி இதயத்தைத் துடிக்க விடும்போதுதான் இடது பக்கச் சுவர் அசையாமல் கிடப்பது தெரியவரும்.

எல்லோருக்கும் இந்தத் தமனி ஒரே மாதிரி அமைவதில்லை. நூறில் பத்துப் பேர் அளவுக்கு, இதயத்தின் பின்புறத்துக்கும் ரத்தம் கொடுப்பது சர்க்கம்ஃப்ளெக்ஸ்தான். அவர்களுக்கு அது தடிமனாக இருக்கும், வால்வை ஒட்டி நெடுந்தூரம் ஓடும். இன்னும் அரிதாக, நூறில் ஒருவருக்கும் குறைவாக, அது வலது பக்கத்தில் கிளம்பி, பெருந்தமனியின் முதுகைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வரும். ஆன்டோபாலும் குகலும் 1933இலேயே இதை விவரித்துவிட்டார்கள். இந்த அமைப்பு பொதுவாக எந்தத் தொந்தரவும் தருவதில்லை. அதனால் உடையவருக்கே அது தெரியாது.

1967இல் டேனியல்சனும் உடன் பணியாற்றியவர்களும், வால்வு மாற்றும்போது இந்தத் தமனி காயப்படுவதைப் பற்றி எழுதினார்கள். 1969இல் நோய்க்குறியியலாளர் வில்லியம் ராபர்ட்ஸும் அறுவை மருத்துவர் ஆண்ட்ரூ மாரோவும், பொருத்திய வால்வின் வளையமே இடம் மாறிப் பிறந்த சர்க்கம்ஃப்ளெக்ஸை நசுக்குவதைப் பதிவு செய்தார்கள். கத்தி பிடித்தவரும் தவறைத் தேடிப் பார்ப்பவரும் சேர்ந்து கையெழுத்திட்ட கட்டுரை அது. இந்தத் துறையை உயர்த்தியவற்றில், புதுக் கருவிகளுக்கு நிகரான இடம் அந்த நேர்மைக்கு உண்டு. 1982இல் ரேணு விர்மானி குழுவினர், தையலில் தமனி அடைபட்ட மூன்று நோயாளிகளை ஆராய்ந்தபோது, அந்தத் தமனி இதயத்தின் பின்புறத்துக்கும் ரத்தம் கொடுக்கும் அமைப்புக்கும் இந்த ஆபத்துக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டினார்கள்.

தமனியின் பாதையை முன்கூட்டியே பார்க்கும் வழியும் ஒரு வால்வு நோயாளியிடமிருந்தே கிடைத்தது. 1958 அக்டோபர் 30 அன்று கிளீவ்லாந்து கிளினிக்கில் மேசன் சோன்ஸ், ருமாட்டிக் நோயால் வால்வு பழுதான 26 வயது இளைஞருக்குப் பெருந்தமனியில் சாயம் செலுத்திப் படமெடுத்துக்கொண்டிருந்தார். சாயம் செலுத்தும் குழாயான கதீட்டரின் நுனி நழுவி, இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் வலது கரோனரித் தமனியின் வாய்க்குள் போய்விட்டது. சாயம் முழுவேகத்தில் அதற்குள் பாய்ந்தது. கரோனரிக்குள் இவ்வளவு சாயம் போனால் உயிர் போய்விடும் என்பதே அன்றைய நம்பிக்கை. இதயம் நின்றது. சோன்ஸ் நோயாளியை இருமச் சொன்னார். அவர் இருமினார், துடிப்பு திரும்பியது. திரையில் அந்தத் தமனி கிளை கிளையாகத் தெரிந்தது. இன்று 'ஆஞ்சியோ' என்று ஊரெல்லாம் சொல்லும் பரிசோதனை அங்கேதான் பிறந்தது. அடைபட்ட தமனிக்கு மாற்றுவழி போடும் பைபாஸையும் அதே கிளினிக்கில் ஃபவலோரோ 1967இல் செய்யத் தொடங்கினார். தையலில் மாட்டிய சர்க்கம்ஃப்ளெக்ஸுக்கும் பின்னாளில் அதுவே கைகொடுத்தது.

பாரிஸில் அலென் கார்பென்டியே, வால்வை வெட்டி எறியாமல் அதைச் செப்பனிட்டு வளையம் பொருத்தும் முறையை 1960களின் இறுதியில் கொண்டுவந்தார். 1983இல் அவர் ஆற்றிய உரைக்குப் பிறகு அது உலகெங்கும் பரவியது. நோயாளியின் சொந்த வால்வு தங்கியது. ஆனால் வளையத்துக்கும் தையல் வேண்டும், தமனியும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அதனால் இப்போது ஆஞ்சியோ அல்லது சி.டி. படத்தில் தமனியின் பாதை முதலில் பார்க்கப்படுகிறது. தமனி வால்வை நெருங்கி ஓடினால் அந்தப் பகுதியில் தையல் ஆழமில்லாமல் விழும். அறுவை முடிந்ததும் உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோவில் சுவர் அசைகிறதா என்று பார்ப்பார்கள். அசையவில்லை என்றால் தையலைப் பிரிப்பது, பைபாஸ் போடுவது, ஸ்டென்ட் வைப்பது என்று வழிகள் உண்டு.

நெஞ்சைத் திறக்காமல், இதயத்தின் சொந்தச் சிரைக்குள் கம்பியை விட்டு வெளியிலிருந்தே வால்வை இறுக்கும் கருவிகள் இந்த நூற்றாண்டில் வந்தன. அந்தச் சிரை பலருக்குச் சர்க்கம்ஃப்ளெக்ஸின் மேலேயே கடந்து போகிறது. ஆகவே கருவியை விடுவிக்கும் முன் சாயம் செலுத்திப் பார்க்கிறார்கள். தமனி நசுங்குவது தெரிந்தால் கம்பியைத் திரும்ப உருவி எடுத்துவிடுகிறார்கள்.